கோயில் வகுப்பில் ஃபோனிக்ஸ்: பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரத் தொடங்குவோருக்கு

யாங்கோனில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு நடத்தி வந்த நான், பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள 14 பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லித்தரத் தொடங்கினேன். அதற்கென்று ஒரு கடையில் ஃபோனிக்ஸ் பெட்டி, அதாவது எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கக் கற்றுத்தரும் முறைக்கான பெட்டி, ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். விடுமுறை முடியும்போது எல்லாப் பிள்ளைகளும் 26 எழுத்துகளையும் ராகம் போட்டுப் பாடினார்கள். ஆனால் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைப் பலகையில் எழுதிக் காட்டியபோது ஒருவராலும் அதை வாசிக்க முடியவில்லை. அந்தப் பெட்டி வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது என்பதும், வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசும் நம் பிள்ளைகளுக்கு வேறு வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் எனக்குப் புரிய இரண்டு விடுமுறைகள் ஆயின. மோல்மேனிலோ பெகுவிலோ தலாவிலோ இதே வேலையை இந்த ஆண்டு தொடங்கப்போகும் உங்களுக்கு அந்த இரண்டு விடுமுறைகளும் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. வகுப்பு தொடங்குமுன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, அறங்காவலர் குழுவின் எழுத்து மூலமான இசைவு. எந்த நாள்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மண்டபத்தின் எந்தப் பகுதி, திருவிழா நாள்களில் வகுப்பு உண்டா இல்லையா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பித் தொடங்கி, பதினைந்தாம் நாள் மண்டபம் கல்யாணத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத் தாள். பெயர், வயது, பள்ளி வகுப்பு, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் அதிகம் பேசுவது தமிழா பர்மியமா? பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியுமா, பர்மிய எழுத்து தெரியுமா, இரண்டுமா? இந்த இரண்டு விடைகளும் இல்லாமல் பின்னால் வரும் நான்காம், ஐந்தாம் படிகளை உங்களால் சரியாக நடத்த முடியாது. அதே தாளின் பின்புறத்தில் 42 கட்டங்கள் போட்டு, பிள்ளை கற்று முடித்த ஒலிகளை நாள் குறித்துக்கொண்டே வரலாம்.

ஏன் 42? ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான் என்றாலும் ஒலிகள் ஏறத்தாழ 44 உண்டு. தொடக்க வகுப்புக்கு 42 ஒலிகள் போதுமானவை. மீதியைப் பிள்ளை வாசித்துக்கொண்டு போகும்போதே பிடித்துக்கொள்ளும்.

2. செலவு

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகையை எழுதாமல் அளவை எழுதுகிறேன். நீங்கள் வாங்கும் நாளின் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 14 பிள்ளைகளுக்கு ஏ4 அளவுள்ள தடித்த அட்டை 18 போதும்: அவற்றுள் 11ஐ நான்காக வெட்டினால் ஆசிரியர் காட்டுவதற்கான 42 ஒலி அட்டைகள் கிடைக்கும், மீதி ஏழையும் சிறு சதுரங்களாக வெட்டினால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி வீதம் எழுத்துச் சதுரங்கள் கிடைக்கும். இவற்றோடு ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு பென்சில், பலகைக்குப் பதிலாக வெள்ளைத் தாள் செருகிய பிளாஸ்டிக் உறை ஒன்று, எழுதி அழிக்கும் பேனா ஒன்று ஆகியவை வேண்டும். அட்டைகளை மே மாத நடுவில் மழை பிடிப்பதற்குள் ஒட்டு பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள். முதல் ஆண்டு என் அட்டைகள் எல்லாம் ஜூனில் பூஞ்சணம் பூத்துக் குப்பைக்குப் போயின.

விலை கூடிய பெட்டிகளை வாங்க வேண்டாம். காணொளிப் பாடங்களை நம்பித் திட்டமிடவும் வேண்டாம், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் அது நடக்காது. உங்கள் உச்சரிப்பில் உங்களுக்கே ஐயம் இருந்தால், 42 ஒலிகளின் ஒலிப்பதிவை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, முந்தின இரவு மறுநாளுக்குரிய ஒலியை மட்டும் பத்து முறை கேட்டுவிட்டு வாருங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

3. காலக்கணக்கு

பள்ளிகள் ஜூனில் திறப்பதால் மார்ச் முதல் மே வரையிலான விடுமுறைதான் நமக்குக் கிடைக்கும் தொடர்ச்சியான காலம். எங்கள் வகுப்பு பத்து வாரம். அதில் ஏப்ரல் நடுவில் திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கும் நம் புத்தாண்டுக்கும் சேர்த்து ஒரு வாரம் போய்விடும். மீதி ஒன்பது வாரத்தில், வாரத்துக்கு மூன்று புதிய ஒலி வீதம், 27 ஒலிகள் முடியும். எஞ்சிய 15 ஒலிகளைப் பள்ளி திறந்த பிறகு சனி, ஞாயிறு வகுப்புகளில் நாளுக்கு ஒன்றாக நடத்தினால் ஜூலை இறுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு தீபாவளி வரை புதிதாக எதையும் சேர்க்காமல் வாசிக்க மட்டுமே வையுங்கள்.

திங்யானுக்கு முந்தின வாரத்தின் கடைசி நாள்களில் புதிய ஒலி எதையும் தொடங்காதீர்கள். ஏழு நாள் இடைவெளியில் அது முழுவதும் கரைந்துபோகும்.

4. புள்ளியிலிருந்து தொடங்குங்கள்

நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லை வாசிக்கத் திணறுவதற்கு முதன்மையான காரணம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு எழுத்துமுறைகளும் அகரத்தை உள்ளே வைத்திருப்பவை என்பதுதான். தமிழில் 'ம' என்று எழுதினால் அதற்குள் ஓர் 'அ' இருக்கிறது. பர்மிய எழுத்திலும் அப்படியே. ஆகவே ஆங்கில எழுத்தைக் கண்டதும் பிள்ளை அதற்கும் ஓர் அகரத்தைச் சேர்த்து 'ம', 'ஸ', 'ட' என்று சொல்கிறது; பிறகு 'ஸ-இ-ட' என்று மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் உட்காரச் சொல்லும் 'சிட்' என்ற சொல் பிறப்பதில்லை. ஆசிரியர்களாகிய நாமே அட்டையைக் காட்டி 'ம' என்று சொல்லிக்கொடுப்பதுதான் இந்தத் தவற்றின் தொடக்கம். நானும் ஒரு முழு விடுமுறை அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மருந்தும் நம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழ் அரிச்சுவடி படித்த பிள்ளைக்கு 'க்' என்பதும் 'அ' என்பதும் சேர்ந்தால் 'க' ஆகும் என்பது தெரியும்; ஃபோனிக்ஸ் வகுப்பில் எழுத்தொலிகளைக் கூட்டி வாசிப்பது என்று சொல்லப்படுவது இதையேதான். எனவே முதல் மூன்று நாள்கள் ஆங்கில எழுத்து எதையும் காட்டாதீர்கள். பலகையில் தமிழ் மெய்யெழுத்துகளை எழுதி, 'ம்ம்ம்' என்று நீட்டச் சொல்லி, 'ம்' 'அ' 'ண்' எவ்வாறு 'மண்' ஆகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விளையாடுங்கள். நான்காம் நாள் ஆங்கில எழுத்தைக் காட்டி, ஆங்கிலத்து மெய்கள் எல்லாம் புள்ளி வைத்தவை, புள்ளிதான் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் என் வகுப்பில் செய்த வேலையைப் பெட்டியோடு வந்த படங்கள் அனைத்தும் சேர்ந்தும் செய்யவில்லை. பர்மிய எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, அகரத்தைக் கொல்வதற்கென்று அந்த எழுத்தின் தலைமேல் இடும் கொக்கிக் குறியைக் காட்டி இதே செய்தியைச் சொல்லலாம்.

எழுத்துகளின் பெயரை இப்போது சொல்லித்தர வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே கற்றிருந்தால், 'இது அதன் பெயர், இது அது போடும் சத்தம்' என்று பிரித்துக் காட்டுங்கள். பெரிய எழுத்துகளையும் தள்ளி வையுங்கள். புத்தகத்தில் பிள்ளை சந்திக்கப்போவது பெரும்பாலும் சிறிய எழுத்துகளைத்தான்.

5. எந்த ஒலியை எந்த மொழியிலிருந்து எடுப்பது

ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். பூனையைக் குறிக்கும் சொல்லையும் வாசற்கதவைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கேட்' ஆகிவிடும்; பேனாவுக்குரிய எழுத்தும் பஸ்ஸுக்குரிய எழுத்தும் 'பி' ஆகிவிடும். பெற்றோர் வீட்டில் அன்போடு இப்படி எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதை நிறுத்தும்படி முதல் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழகத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு செல்வம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பர்மியத்தில் பயறுக்கும் வாத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'பே' என்றே வரும். ஆனால் பர்மியம் பேசும் நான்கு வயதுப் பிள்ளைகூட அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. அந்தக் காதை ஆங்கில வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வாத்தின் முதல் ஒலி பஸ்ஸுக்கு. சீட்டுக்கட்டின் முதல் ஒலி, அதாவது மூச்சோடு வெடிப்பது, பென்சிலுக்கு. பயறின் முதல் ஒலி நம் தமிழ்ப் பகரம். சொல்லின் தொடக்கத்தில் அதைப் போட்டால் ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அது பஸ்ஸின் ஒலியாகவே விழும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்து, பென்சிலுக்குத் தாள் ஆட வேண்டும், பஸ்ஸுக்கு ஆடக் கூடாது என்று விளையாட்டாகச் செய்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

இதே முறையில் மற்றவற்றையும் எடுங்கள். சோற்றுக்கான பர்மியச் சொல்லின் முதல் ஒலி தேநீரைக் குறிக்கும் 'டீ'க்கு நம் டகரத்தைவிட நெருக்கமானது. 'இது' என்பதற்கான சொல்லின் முதல் ஒலி 'டாக்'குக்கு. நாய்க்கான சொல்லின் முதல் ஒலி 'கைட்'டுக்கு. விளையாடுவதற்கான சொல்லின் முதல் ஒலி 'கோட்' என்ற வெள்ளாட்டுக்கு. சந்தைக்கான சொல் வரிக்குதிரையின் முதல் ஒலியைத் தரும். பொன்னுக்கான சொல் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்'பின் முதல் ஒலியைத் தரும். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் ஒலியைச் சொல்லித்தருவது மற்ற நாடுகளில் பெரும்பாடு. நம் பிள்ளைகளோ பர்மியத்தில் 'மூன்று' என்று சொல்லும்போதெல்லாம் அதைச் சொல்கிறார்கள், ஆங்கிலத்து மூன்றும் அதே ஒலியில்தான் தொடங்குகிறது.

பர்மியம் தராததைத் தமிழ் தரும். பர்மியத்தில் ரகரம் பெரும்பாலும் யகரமாகிவிட்டதால், பர்மியமே அதிகம் பேசும் பிள்ளைக்கு 'ராணி', 'மரம்' போன்ற சொற்களால் ரகரத்தை மீட்டெடுங்கள். 'வேன்' என்னும் வண்டிக்குத் தமிழ் வகரம், மேற்பல் கீழுதட்டைத் தொடும்படி. தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்' என்பதற்குப் பர்மியத்தில் பன்றியைச் சொல்லும்போது உதடு குவியும் ஒலி. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டையும் பிரிப்பது கடினம்.

இரண்டு மொழியிலும் இல்லாதவற்றுள் முக்கியமானவை இரண்டு. மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்'ஷின் முதல் ஒலிக்குக் கீழுதட்டைப் பல்லால் மெதுவாகக் கடித்து ஊதச் சொல்லுங்கள். பூனையின் நடுவிலுள்ள உயிரொலிக்கு 'எ' என்று சொல்லத் தொடங்கி, நாக்கை அசைக்காமல் தாடையை மட்டும் கீழே இறக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு வாரம் கொடுத்தாலும் தகும்.

6. சொல்லின் கடைசி ஒலி

என் வகுப்பில் மிக அதிகமான நேரத்தை விழுங்கியது இதுதான். தமிழ் வாய் சொல்லின் கடைசியில் உகரத்தைச் சேர்க்கிறது: 'கப்பு', 'புக்கு', 'பஸ்ஸு'. பர்மிய வாய் கடைசி வல்லொலியைத் தொண்டையில் வெட்டிவிடுகிறது; 'லைட்', 'லைக்', 'லைஃப்' மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே பிள்ளை இரண்டையும் செய்யும்: அம்மாவிடம் 'கப்பு' என்றும், தோழனிடம் கடைசி ஒலியே இல்லாமலும்.

இதற்கு நான் கண்ட வழி, தமிழ்ச் சொல்லைப் பாதியில் நிறுத்துவது. 'கப்பல்' என்று சொல்லச் சொல்லி, உதடு மூடிய இடத்தில் கையைத் தூக்கி நிறுத்துங்கள். 'கப்' என்று நிற்கும். 'பட்டம்' சொல்லிப் பாதியில் நிறுத்தினால் 'பட்', 'பக்கம்' சொல்லி நிறுத்தினால் 'பக்'. அங்கேயே வாயைத் திறக்காமல் மூன்று எண்ணும்வரை இருக்கச் சொல்லுங்கள். உகரம் ஒட்டிக்கொள்ள இடமிருக்காது. ஈற்றில் வரும் மகர, னகர, லகரங்களுக்கு 'மரம்', 'மீன்', 'பால்' ஆகிய சொற்களே போதும். பர்மியம் அதிகம் பேசும் பிள்ளைகள் இவற்றை மூக்கொலியாக்கிக் கலந்துவிடுவதால் அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று வேண்டும். முதுகைக் குறிக்கும் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் பிரிக்க, பைக்குரிய சொல்லில் நடு உயிரைச் சற்று நீட்டச் சொன்னால் கேட்பவருக்கு வேறுபாடு விளங்கிவிடும்.

7. அன்றாடப் பாடம், 25 நிமிடம்

முதல் மூன்று நிமிடம் பழைய அட்டைகள். அடுத்த ஐந்து நிமிடம் புதிய ஒலி. அடுத்த எட்டு நிமிடம் கூட்டி வாசித்தல், பிறகு ஏழு நிமிடம் எழுதுதல், கடைசி இரண்டு நிமிடம் நீங்கள் ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டுதல். இதற்கு மேல் இந்த வயதுப் பிள்ளைகளால் உட்கார முடியாது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று வற்புறுத்தும் பெற்றோரிடம் மீதி நேரத்தைத் தமிழ்ப் பாடத்துக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லுங்கள்.

எழுத்துகளை அகரவரிசையில் நடத்த வேண்டாம். பாம்பு போன்ற எழுத்து, ஆப்பிளின் முதல் எழுத்து, 'டீ'யின் முதல் எழுத்து, பென்சிலின் முதல் எழுத்து, 'இங்க்'கின் முதல் எழுத்து, 'நெட்'டின் முதல் எழுத்து ஆகிய ஆறையும் முதல் இரண்டு வாரத்தில் முடித்தால், அந்த ஆறைக் கொண்டே இருபதுக்கு மேற்பட்ட சிறு சொற்களைப் பிள்ளை வாசித்துவிடும்: உட்கார், தகரம், குண்டூசி, குழாய், சட்டி, எறும்பு என எல்லாம் அவற்றுக்குள் வந்துவிடுகின்றன. கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றையொன்று ஒத்திருக்கும் இரண்டு எழுத்துகளை, அதாவது பஸ்ஸின் முதல் எழுத்தையும் 'டாக்'கின் முதல் எழுத்தையும், குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விட்டு நடத்துங்கள்.

கூட்டி வாசிக்கும்போது நீட்ட முடிந்த ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் கொடுங்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையைத் தடவிக்கொண்டே, மூச்சை நிறுத்தாமல் 'ஸ்ஸ்ஸிஇஇட்' என்று இழுத்துச் சொல்ல வைத்தால் ஒலிகளுக்கு நடுவே இடைவெளி விழாது. எழுதும் ஏழு நிமிடத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்: நீங்கள் சொல்லும் சொல்லை விரல்விட்டு ஒலி ஒலியாக எண்ணி, எண்ணியபடியே எழுத வேண்டும். பலகையைப் பார்த்துப் படியெடுப்பது இந்தப் பயிற்சியில் சேராது.

'ஸ்டாப்' போன்ற சொற்களை ஜூலைக்குத் தள்ளி வையுங்கள். தமிழ் வாய் முன்னால் இகரம் சேர்த்து 'இஸ்டாப்' என்னும். பர்மிய வாய் நடுவில் உயிர் நுழைக்கும். பாம்பொலியை நீளமாக இழுத்து, அதன் வால் முடியுமிடத்தில் அடுத்த ஒலியை ஒட்டச் சொன்னால் இரண்டும் போகும்.

8. இரண்டெழுத்து ஓரொலி, பிறகு அடங்காத சொற்கள்

'ஷிப்', 'ரிங்', மழைக்கான 'ரெயின்' ஆகியவற்றில் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலியாவதைப் பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். 'கேக்' போன்ற சொற்களில், நடுவில் உள்ள மெய்யைத் தாண்டிக் கடைசியில் நின்று ஒலிக்காமல் இருக்கும் எழுத்துதான் குழப்பும். அப்போது 'கொ' என்று பலகையில் எழுதுங்கள். ககரத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. இரண்டும் சேர்ந்துதானே ஒரே உயிரொலி? பர்மிய எழுத்திலும் இப்படி மெய்யை இருபுறமும் அணைக்கும் குறிகள் உண்டு. அதைக் காட்டிவிட்டால் 'கேக்'கின் கடைசி எழுத்து ஏன் வாய் திறப்பதில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

விதிக்கு அடங்காத சிறு சொற்களை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். அவற்றையும் முழுப் படமாக மனப்பாடம் செய்ய வைக்காமல், எந்த எழுத்து ஒழுங்காக ஒலிக்கிறது, எந்த எழுத்து தவறுகிறது என்று வட்டமிட்டுக் காட்டுங்கள்.

9. வாசிக்கிறார்களா, ஊகிக்கிறார்களா என்று பார்த்தல்

படமுள்ள புத்தகத்தைக் கொடுத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். சில வேளை பக்கத்தையே மனப்பாடமாகச் சொல்லும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டு முடிவில் நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள் உண்டு. அவற்றுள் பாதி பொருளே இல்லாத, சோதனைக்கென்று உண்டாக்கிய சொற்கள். அதே உத்தியைப் பின்பற்றி, நீங்கள் இதுவரை நடத்திய ஒலிகளைக் கொண்டு பத்துப் பொருளற்ற சொற்களை ஆக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இது வேற்றுக்கிரகத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என்று சொன்னால் அவர்கள் மகிழ்ச்சியாக வாசிப்பார்கள். திங்யானுக்கு முன்னால் ஒரு முறை, மே இறுதியில் ஒரு முறை, ஜூலை இறுதியில் ஒரு முறை நடத்தினால் போதும். மற்றப் பிள்ளைகள் கேட்காத இடத்தில் நடத்துங்கள். மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் பட்டியலாக ஒட்டிக் காட்டாதீர்கள்.

பத்தில் ஏழுக்குக் குறைவாக வாசிக்கும் பிள்ளைக்கு அடுத்த ஒலியைக் கொடுக்காமல், எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். எழுத்தைப் பார்த்ததும் ஒலி நினைவுக்கு வரவில்லையானால் அட்டைப் பயிற்சி வேண்டும். ஒலிகள் தனித்தனியாக வந்து சேர மறுத்தால் நான்காம் படிக்கே, அந்தத் தமிழ் மெய்யெழுத்துகளுக்கே, திரும்பிப் போக வேண்டும். வாசிப்பது சரியாக இருந்து கடைசி ஒலி மட்டும் விழுந்துபோனால் ஆறாம் படி. என் 14 பேரில் மூன்று பேருக்குத் தீபாவளிக்குப் பிறகும் தனியாக நாளுக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டது. அவர்களுள் ஒருத்திக்குக் காது மந்தம் என்பது மருத்துவரிடம் காட்டிய பிறகே தெரிந்தது. ஆகவே அட்டைகளில் ஒலி மாறி மாறித் தவறும் பிள்ளை இருந்தால், முதலில் பெற்றோரிடம் சொல்லிக் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.